பகலில் கல்வேலை, இரவில் கல்வி: பாலம் கட்டிய தாமஸ் டெல்போர்டு



செந்தூலில் சற்று உயரமான மாடியில் ஏறி நின்றால் இரட்டைக் கோபுரம் தெரிகிறது. 452 மீட்டர் உயரம். 1998-இல் உலகத்திலேயே உயரமான கட்டடம் என்று பேர் வாங்கியது. இப்போது அதையும் தாண்டி மெர்டேக்கா 118 நிற்கிறது. அண்ணாந்து பார்க்கிறோம், கழுத்து வலிக்கிறது, இறங்கி வந்துவிடுகிறோம். ஆனால் இத்தனை பாரத்தைத் தாங்குகிற தூண் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், அதற்குள்ளே எத்தனை கம்பி போட வேண்டும், பேய்க்காற்று அடித்தால் கட்டடம் எவ்வளவு ஆடும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும் அல்லவா? அவரைத்தான் கட்டமைப்புப் பொறியாளர் என்கிறோம்.

இந்தப் படிப்பெல்லாம் பணம் உள்ளவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான், நேராகப் பல்கலைக்கழகம் போனவனுக்குத்தான் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். ஐந்தாம் படிவத்தோடு வேலைக்குப் போய்விட்டால் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று நினைக்கிறோம். தோட்டத்துப் பக்கம் இந்த நினைப்பு இன்னும் அதிகம். நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் சிலர் இன்றைக்குக் கட்டுமான இடங்களில் கம்பி கட்டுகிறார்கள். கைவேலையில் கெட்டிக்காரர்கள். அவர்களை நினைத்துத்தான் இந்த மலருக்குத் தாமஸ் டெல்போர்டின் வரலாற்றை எழுத எடுத்துக்கொண்டேன். இவர் கல்லூரி வாசலை மிதித்தவரே அல்ல. கல் கொத்திப் பிழைத்தவர். வேலை முடிந்த பிறகு படித்தவர். ஆனாலும் பொறியாளர்களுக்கு என்று உலகத்தில் ஒரு கழகம் ஏற்பட்டபோது அதற்கு முதல் தலைவராக உட்கார்ந்தவர் இவர்தான்.

1757-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் தெற்கே எஸ்க்டேல் என்கிற மலைப்பள்ளத்தாக்கில் அவர் பிறந்தார். அப்பா ஜான், ஒரு பண்ணையில் ஆடு மேய்ப்பவர். சொந்த ஆடு அல்ல, பண்ணைக்காரருடைய ஆடு. பிள்ளை பிறந்து மூன்று மாதத்தில், நவம்பரில், அப்பா இறந்துபோனார். வேலைக்காரர் போய்விட்டால் பண்ணை கொடுத்த வீடு என்ன ஆகும்? லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அம்மா ஜேனட் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறோர் இடத்தில் இருந்த மண்சுவர்க் குடிசைக்குக் குடிபோனார். அதுவும் முழு வீடல்ல, இன்னொரு குடும்பத்தோடு ஆளுக்குப் பாதி.

அம்மா அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கூலி வேலை செய்தார். பையன் கொஞ்சம் வளர்ந்ததும் ஆடு மேய்க்கப் போனான். சம்பளம் என்ன தெரியுமா? சாப்பாடு, ஒரு ஜோடி காலுறை, கட்டைச் செருப்பு வாங்க வருஷத்துக்கு ஐந்து ஷில்லிங். தாய்வழி மாமா ஒருவர் பள்ளிச் சம்பளத்தைக் கட்டினார். தாய்மாமன் கைகொடுப்பது நம்ம வழக்கம் மட்டும் அல்ல போலிருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுத, படிக்க, கணக்குப் போட டெல்போர்டு கற்றுக்கொண்டார். எந்நேரமும் சிரித்த முகமாக இருந்ததால் ஊரார் அவரைச் சிரிப்புத் தாமஸ் என்றே கூப்பிட்டார்களாம். முறையான பள்ளிப்படிப்பு என்று அவர் வாழ்க்கையில் இருந்தது இவ்வளவுதான்.

அடுத்தது தொழில். கல் கொத்தனார் ஒருவரிடம் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆள் அடித்துக் கொடுமை செய்தார். சில மாதத்தில் பையன் ஓடி வீட்டுக்கே வந்துவிட்டான். அம்மா திட்டித் திருப்பி அனுப்பவில்லை. உறவினர் ஒருவரைக் கொண்டு லாங்கம் என்ற சிறு பட்டணத்தில் வேறொரு கொத்தனாரிடம் சேர்த்தார். இங்கே ஆள் நல்லவர். அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்து மண் வீடுகளை எல்லாம் கல் வீடுகளாக மாற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. லாங்கம் ஆற்றுப் பாலத்திலும் டெல்போர்டு கல் அடுக்கியிருக்கிறார்.

அந்தப் பட்டணத்தில் பாஸ்லி என்ற பெயருடைய வயதான அம்மையார் ஒருவர் இருந்தார். வீட்டு அலமாரியில் கொஞ்சம் புத்தகங்கள் வைத்திருந்தார். கொத்தனார்ப் பையனுக்குப் படிக்க ஆசை என்று கேள்விப்பட்டு, எடுத்துப் படி என்று கொடுத்தார். அதுவரை பாடப் புத்தகம் தவிர வேறு பார்த்திராதவர் டெல்போர்டு. மில்டனின் காவியம் கையில் கிடைத்ததும் மலையோரம் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தார். தாமும் கவிதை எழுதினார். கவிதை படித்தால் பாலம் கட்ட வருமா என்று கேட்கலாம். வராதுதான். ஆனால் வேலை முடிந்த பிறகும் புத்தகத்தைத் தேடுகிற பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. அந்த அம்மையார் அலமாரிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

1780-இல் எடின்பரோவுக்குப் போனார். அங்கே புது நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. பகலில் கல்வேலை, ஓய்வு நேரத்தில் வரைபடம் வரையப் பழகினார். பழைய கோயில், அரண்மனை எல்லாவற்றையும் போய்ப் பார்த்து வரைந்தார். 1782-இல் லண்டன். வண்டிக்குக் காசு கிடையாது. ஊர்ப் பிரபு ஒருவருடைய குதிரையை லண்டனில் ஒப்படைக்க ஆள் தேவைப்பட்டது. அந்தக் குதிரை மேலேயே ஏறிப் போய்ச் சேர்ந்தார். சாமர்செட் மாளிகை என்ற பெரிய அரசாங்கக் கட்டடத்தில் கல் செதுக்குகிற வேலை கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1784-இல், போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் ஒரு பெரிய வீடு கட்டுகிற வேலைக்கு மேற்பார்வையாளராகப் போனார். நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. வயது 27. மேற்பார்வை வேலை கிடைத்தாச்சு, சம்பளமும் பரவாயில்லை. இனி என்ன என்று இருந்திருக்கலாம். அவரோ இரவுச் சாப்பாடு முடிந்ததும் அறைக்குப் போய் விளக்கு வைத்துப் படிக்க உட்கார்ந்துவிடுவார். என்ன படித்தார்? சுண்ணாம்பு!

சுண்ணாம்புச் சாந்து இறுகும் என்பது எல்லாக் கொத்தனாருக்கும் தெரியும். ஏன் இறுகுகிறது? அது தெரியாது. டெல்போர்டுக்கு அந்த ஏன் என்பதுதான் வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் அதிலிருந்து ஒரு வாயு வெளியேறுகிறது. அதுதான் கரியமில வாயு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இதை ஆராய்ந்து சொன்னவர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். அவருடைய விரிவுரைகளை எங்கிருந்தோ தேடிப் பிடித்து டெல்போர்டு தம் குறிப்புப் புத்தகத்தில் கைப்பட எழுதிவைத்தார். அந்தக் குறிப்புப் புத்தகம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். அதில் வருஷா வருஷம் ஏதாவது சேர்ந்துகொண்டே போகும். பிற்காலத்தில் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளையும் இப்படியே தாமாகக் கற்றுக்கொண்டார். அந்த நாட்டுப் பொறியாளர்கள் எழுதியதைப் படிக்க வேண்டுமே!

1787 வாக்கில் சுரோப்ஷயர் மாவட்டத்தின் பொதுப்பணிக் கண்காணிப்பாளராக அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. மறு வருஷம் ஒரு சம்பவம். சுரூஸ்பரி நகரில் செயின்ட் சாட் என்ற பழைய தேவாலயத்தின் கூரை ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தவர் கூரையைப் பற்றிப் பேசவே இல்லை. தூண்களுக்கு ஓரமாகக் கல்லறைக் குழிகள் தோண்டித் தோண்டி அஸ்திவாரமே ஆட்டம் கண்டிருக்கிறது, முதலில் அதைக் கவனியுங்கள் என்றார். ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம். இந்த ஆள் வேலை பிடிக்கப் பார்க்கிறார் என்று எண்ணினார்கள். மேற்கொண்டு பேசுவதானால் வெளியே போய்ப் பேசலாம், இங்கே நின்றால் தலையில் விழும் என்று சொல்லிவிட்டு டெல்போர்டு நடையைக் கட்டினார். சில நாளில், 1788 ஜூலையில், கோபுரம் இடிந்து தேவாலயத்தின் மேலேயே விழுந்தது. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. மேலே ஒழுகினால் கீழே பார் என்கிற இந்தப் பார்வைதான் கட்டமைப்புப் பொறியியலின் அரிச்சுவடி.

பிறகு பாலங்கள். 1795-இல் செவர்ன் ஆற்றில் பெருவெள்ளம் வந்து பல பாலங்களை அடித்துக்கொண்டு போயிற்று. அந்த ஆற்றின் மேல் 1779-இல் எழுப்பிய உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. அது நிற்பதைப் பார்த்து, அடித்துப்போன பில்ட்வாஸ் பாலத்தையும் இரும்பிலேயே கட்டலாம் என்று டெல்போர்டு முன்வந்தார். பழைய இரும்புப் பாலம் 100 அடி அகலத்தைத் தாண்டியது, அதற்குப் பிடித்த இரும்பு 378 டன். டெல்போர்டு 1796-இல் கட்டிய பாலம் 130 அடியைத் தாண்டியது. பிடித்த இரும்பு 173 டன்!

மாணவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும். 30 அடி கூடுதல் நீளம், ஆனால் இரும்பு பாதிக்கும் குறைவு. பழைய பாலத்தைச் செய்தவர்கள் மரத்தச்சு வேலை போல இரும்பைத் துண்டு துண்டாக நறுக்கிப் பொருத்தினார்கள். எங்கே பாரம் வருகிறதோ அங்கேயும் இரும்பு, வராத இடத்திலும் இரும்பு. டெல்போர்டு பாரம் எந்த வழியாக இறங்கிக் கரைக்குப் போகிறது என்று பார்த்து, அந்த வழியில் மட்டும் இரும்பை வைத்தார். இன்றைய பொறியாளர் கணினியில் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

வேல்ஸ் நாட்டில் டீ ஆற்றின் மேல் 1795 முதல் 1805 வரை பத்து வருஷம் எடுத்துக் கட்டிய பொன்ட்கசுல்தி நீர்ப்பாலம் இன்னும் பெரிய வேலை. இது ஆள் நடக்கிற பாலம் அல்ல, படகு போகிற கால்வாயே ஆகாயத்தில் போகிறது! நீளம் 307 மீட்டர், உயரம் 38 மீட்டர், 18 கல் தூண்கள். கல்லாலேயே தொட்டி கட்டி, ஒழுகாமல் இருக்க உள்ளே களிமண் அடைத்தால் பாரம் பயங்கரமாக ஏறும். எனவே வார்ப்பிரும்புத் தகடுகளைத் திருகி இணைத்து ஒரு நீண்ட தொட்டி செய்தார். தூண்களின் மேல்பகுதியை உள்ளே வெற்றிடமாக விட்டுப் பாரத்தைக் குறைத்தார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆறு மாதம் அப்படியே விட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே திறந்தார்கள் என்பார்கள். அத்தனை உயரத்தில் நடந்த வேலையில் இறந்தவர் ஒரே ஒருவர் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்துக்கு இது சாதாரணமல்ல. இன்றைக்கும் படகுகள் அதன் மேல் போகின்றன. 2009-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தக் கால்வாய் வேலைக்குத் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஜெசப் என்ற மூத்தவர். டெல்போர்டு அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தார், அவரிடம் நிறையக் கற்றுக்கொண்டார். ஆனால் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது ஜெசப்புக்கு உரிய இடத்தை அவர் கொடுக்கவில்லை. பெரிய மனிதர்தான், ஆனாலும் எனக்கு இது பிடிக்கவில்லை. படித்துக் கொடுத்தவர் பெயரைச் சொல்வதில் என்ன குறைந்துவிடப்போகிறது?

அம்மா விஷயத்தில் அவர் அப்படியில்லை. ஜேனட் அம்மாளுக்கு ஓடு எழுத்தாக எழுதினால் படிக்க வராது. அதனால் எத்தனை வேலை இருந்தாலும் அச்சடித்தது போல ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் பிரித்துக் கடிதம் எழுதி அனுப்புவார். அம்மா அடுப்போரம் உட்கார்ந்து யார் துணையும் இல்லாமல் தாமே படித்துக்கொள்ளலாம். 1794-இல் அம்மா காலமாகும்வரை இந்த வழக்கம் நிற்கவில்லை. அப்பாவின் கல்லறைக்கு வேண்டிய கல்லையும் தாமே உளி பிடித்துச் செதுக்கினார். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது போய்விட்ட அப்பா, முகம்கூடத் தெரியாது.

1803 முதல் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில் சாலை போடும் வேலை. ஏறத்தாழ 18 வருஷத்தில் 900 மைலுக்கு மேல் சாலையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களும். இதை எல்லாம் விவரிக்க இடம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலைக்கு வந்தவர்கள் மண்வெட்டி தவிர வேறு கருவி பிடித்தறியாத கூலிக்காரர்கள். ஆண்டுக்கு 3,200 பேர் வேலை செய்தார்கள் என்றும், அவர்களில் 800 பேர் வருஷந்தோறும் தொழில் தெரிந்தவர்களாக வெளியே போனார்கள் என்றும் டெல்போர்டே கணக்குக் கொடுத்திருக்கிறார். வேலைத்தளத்தையே அவர் ஒரு பள்ளிக்கூடமாகத்தான் பார்த்தார்.

இனி மெனாய். நம்ம ஊரில் 1985 வரை பினாங்குத் தீவுக்கு வண்டி வாகனம் போக வேண்டுமானால் பெரி படகுதான் வழி. அதுபோல வேல்ஸ் கரைக்கும் ஆங்கிள்சி தீவுக்கும் நடுவே மெனாய் ஜலசந்தி. நீரோட்டம் வேகமாக இழுக்கும், படகு கவிழும். சந்தைக்குப் போகிற மாடுகளைத் தண்ணீரில் இறக்கி நீந்தவிடுவார்கள், பல மாடுகள் கரை சேராது. பாலம் வேண்டும். ஆனால் போர்க்கப்பல்கள் பாய்மரத்தோடு கீழே போக 100 அடி உயரம் விட வேண்டும், நடுவில் தூண் நிறுத்தவும் கூடாது. வளைவுப் பாலம் கட்ட வழியில்லை. தொங்கவிட வேண்டியதுதான்.

இரும்பில் இரண்டு ஜாதி உண்டு. வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் படீரென்று உடையும். அடித்துப் பதப்படுத்திய தேனிரும்பு இழுவையைத் தாங்கும். எவ்வளவு தாங்கும்? அன்றைக்கு நம்பத்தக்க கணக்குப் புத்தகம் கிடையாது. எனவே வேறொரு பாலத்துக்காகத் திட்டம் போட்டபோதே டெல்போர்டு 200-க்கு மேற்பட்ட சோதனைகள் செய்து, கம்பிகளை இழுத்து இழுத்து அறுத்துப் பார்த்து எழுதிவைத்திருந்தார். மெனாய் வேலை 1819-இல் தொடங்கியது. 16 சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியிலும் 935 இரும்புப் பட்டைகள். எல்லாவற்றையும் சோதித்து, துருப்பிடிக்காமல் இருக்க ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தே ஏற்றினார்கள். சங்கிலியிலிருந்து பாதையைத் தாங்கும் தொங்கு கம்பிகள் எங்கெங்கே எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? கணக்குப் போடுவதற்குப் பதில், தண்ணீர் இல்லாத ஒரு பள்ளத்தில் பாலத்தின் கால் பங்கு அளவுக்குச் சங்கிலி மாதிரி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு நேரே அளந்துகொண்டார்.

இங்கே டெல்போர்டின் குறையும் தெரிகிறது. உயர்கணிதம் அவருக்கு வராது, அதில் பெரிய மதிப்பும் வைக்கவில்லை. வீட்டு வாசலில் துணி காயப்போடுகிற கம்பியை எண்ணிப் பாருங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டி நடுவில் ஈரத் துணியைப் போட்டால் கம்பு இரண்டும் சாய்ந்துவரும். சற்றுத் தொய்வாகக் கட்டினால் அதே துணியைச் சுலபமாகத் தாங்கும். மெனாய்ச் சங்கிலியை முதலில் விறைப்பாகவே கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். டேவிஸ் கில்பர்ட் என்ற கணித அறிஞர் கணக்கிட்டுப் பார்த்து, தொய்வு போதாது, கோபுரத்தை உயர்த்திச் சங்கிலியை இன்னும் தொங்கவிட வேண்டும் என்று காட்டினார். டெல்போர்டு அதை ஏற்றுக்கொண்டு திட்டத்தை மாற்றினார். கைக்கும் கணக்குக்கும் அன்றைக்கு நடந்த அந்தச் சந்திப்பில்தான் நவீனக் கட்டமைப்புப் பொறியியல் உருவானது என்பது என் எண்ணம்.

1825 ஏப்ரல் 26. முதல் சங்கிலியை ஏற்றும் நாள். நடுத்துண்டு மட்டும் 23½ டன். தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, 150 ஆட்கள் குழல் வாத்தியத்துக்கு ஏற்றபடி சுற்றி வந்து இழுவைப் பொறியைத் திருப்ப, சங்கிலி மெல்ல மெல்ல மேலே ஏறியது. இரு கரையிலும் சனக்கூட்டம். பூட்டு மாட்டியதும் தொழிலாளிகள் சிலர் சந்தோஷம் தாங்காமல் ஒன்பது அங்குல அகலச் சங்கிலி மேலேயே அந்தக் கரைக்கு நடந்துபோனார்கள்! டெல்போர்டுக்கோ அதற்கு முன் பல நாள் இராத்தூக்கம் இல்லை. 1826 ஜனவரி 30 அன்று நள்ளிரவு தாண்டி லண்டன் தபால் வண்டி அந்தப் பாலத்தை முதலில் கடந்தது. நடு இடைவெளி 176 மீட்டர், அன்றைய உலகத்தில் அதற்கு ஈடான பாலம் இல்லை. கல்லுடைத்த சிறுவனுக்கு அப்போது வயது 68.

புயல் அந்தப் பாலத்தைச் சும்மா விடவில்லை. 1836-இலும் 1839-இலும் பாதை பலமாகச் சேதமடைந்தது. பாரத்தைக் கணக்கிட்ட அளவுக்குக் காற்றைக் கணக்கிட அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. 1938 முதல் 1941 வரை பழைய சங்கிலிகளை எடுத்துவிட்டு எஃகுச் சங்கிலி மாட்டினார்கள். கல் கோபுரங்கள் மட்டும் டெல்போர்டு எழுப்பியவைதான், இன்னும் நிற்கின்றன.

1829-இல் பிரிஸ்டல் நகரத்தார் கிளிப்டன் மலையிடுக்கில் தொங்கு பாலம் கட்டப் போட்டி வைத்து, டெல்போர்டை நடுவராக அழைத்தார்கள். வந்த திட்டங்களில் ஒன்று புருனெல் என்ற 23 வயது இளைஞருடையது. மெனாய் அளவைத் தாண்டித் தொங்கவிட்டால் காற்றுக்கு நிற்காது என்று சொல்லி டெல்போர்டு எல்லாத் திட்டங்களையும் தள்ளிவிட்டார். தம் திட்டம் ஒன்றைக் கொடுத்தார், அது யாருக்கும் பிடிக்கவில்லை. இரண்டாம் போட்டியில் புருனெல் வென்றார். அந்தப் பாலம் 1864-இல் முடிந்தது, இடைவெளி 214 மீட்டர். இன்றும் நிற்கிறது. அத்தனை நாள் இளைஞர்களுக்கு வழி திறந்துவிட்டவர் கடைசியில் ஓர் இளைஞனுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். வயது 72 ஆகிவிட்டதே என்று நாம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வழி திறந்தது என்றேனே, அது என்ன? டெல்போர்டுக்குக் கல்யாணம் இல்லை, வீடு வாசல் இல்லை. லண்டனில் 21 வருஷம் ஒரு காப்பிக்கடை விடுதியிலேயே குடியிருந்தார். அவரைப் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து போனதால் கடைக்கும் நல்ல வியாபாரம். அவர் சொந்த வீடு பார்த்துப் போகிறார் என்றதும் புதிதாகக் கடை வாங்கியவர் பதறிவிட்டார். டெல்போர்டையும் சேர்த்து விலை பேசித்தான் 750 பவுன் அதிகம் கொடுத்தாராம்!

அந்த லண்டனில்தான், 1818 ஜனவரி 2-ஆம் தேதி, வேறொரு காப்பிக்கடையில் சில இளம் பொறியாளர்கள் கூடினார்கள். முன்னின்றவர் ஹென்றி பால்மர், டெல்போர்டின் உதவியாளர். வக்கீலுக்கும் வைத்தியருக்கும் முறையான படிப்பு உண்டு, பொறியாளருக்கு ஒன்றுமில்லை. எனவே வேலை முடிந்த மாலை நேரங்களில் கூடி ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்போம் என்று ஒரு கழகம் ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷம் ஆகியும் அது வளரவில்லை, பேர் சொல்ல ஒரு பெரியவர் இல்லை. 1820-இல் டெல்போர்டை அணுகினார்கள். அவர் தலைவராக ஒப்புக்கொண்டதோடு தம் புத்தகங்களையும் கொடுத்தார், மாலைக் கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்து உட்கார்ந்தார். வேலைத்தளத்தில் கண்டதை ஒவ்வொருவரும் கட்டுரையாக எழுதி வந்து படிக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். 1828-இல் அரச சாசனம் கிடைத்தது. அதுவே சிவில் பொறியாளர் கழகம்.

அந்த மாலைக் கூட்டத்துக்கும் நம்ம கோலாலம்பூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரயில்வேக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஆட்களைப் பழக்க 1906-இல் இங்கே திரெச்சர் தொழில்நுட்பப் பள்ளி ஏற்பட்டது. 1925-இல் அது பிரிக்பீல்ட்ஸ் சாலையில் ரயில்வேக்குச் சொந்தமான கட்டடத்துக்கு மாறியது. 1946-இல் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. 1960-இல் அங்கே தொழிற்கழகப் பரீட்சைகளுக்குப் போகிற அளவில் பொறியியல் வகுப்புகள் ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே, பிரிட்டிஷ் பொறியாளர் கழகங்களின் பரீட்சையில் தேறி முழுப் பொறியாளராகலாம். அதே கல்லூரிதான் 1975 முதல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூ.டி.எம். என்று நாம் சொல்வது.

செந்தூல் ரயில்வே பட்டறையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். அந்தப் பட்டறை இன்று இல்லை. அதன் பழைய கட்டடம் ஒன்றில் 2005 முதல் கலையரங்கம் நடக்கிறது. ரயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் அங்கே எத்தனையோ இருந்தன. அவர்களில் எத்தனை பேருக்கு மாலையில் உட்கார்ந்து படிக்க இடமும் புத்தகமும் கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது மனசு கனக்கத்தான் செய்கிறது. இப்போது திறன் சான்றிதழ், போலிடெக்னிக், பகுதி நேரப் பட்டம் என்று படிகள் பல வந்துவிட்டன. ஆனால் பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வருகிற பையனுக்கு இராத்திரி எட்டு மணிக்கு மேல் கணக்குப் புத்தகத்தைத் திறப்பது டெல்போர்டு காலத்தைவிடச் சுலபமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திக் கொடுத்தாலே பாதி உதவி.

டெல்போர்டு 1834 செப்டம்பர் 2-ஆம் நாள் காலமானார். கடைசிக் காலத்தில் காது கேட்கவில்லை. எளிமையான அடக்கம் போதும் என்று இருந்தவரை, கழகத்தார் கேட்டு வாங்கி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், அரசர்கள் உறங்குகிற இடத்தில் அடக்கம் செய்தார்கள். சுரோப்ஷயரில் 1968-இல் ஒரு புதிய நகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

உயிலில் கழகத்துக்கு 2,000 பவுன் எழுதிவைத்தார், ஆண்டுதோறும் நல்ல கட்டுரை எழுதுகிறவர்களுக்குப் பரிசு கொடுக்க. இன்றும் டெல்போர்டு பதக்கம் கொடுக்கிறார்கள். லாங்கம் நூலகத்துக்கும், தாம் பிறந்த ஊரான வெஸ்டர்கிர்க் நூலகத்துக்கும் ஆளுக்கு 1,000 பவுன். இந்த வெஸ்டர்கிர்க் நூலகம் பணக்காரர்கள் ஆரம்பித்ததல்ல. டெல்போர்டு பிறந்த அதே கிளெண்டினிங் மலையில் அஞ்சனக்கல் சுரங்கம் ஒன்று இருந்தது. அதில் வேலை செய்த சுரங்கத் தொழிலாளர்கள் படிப்பதற்காக 1793-இல் தொடங்கியது அது. சுரங்கம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. டெல்போர்டு விட்டுப்போன பணத்தில் அந்த நூலகம் அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாக அந்த மலையடிவாரத்து இடையர்களுக்கும் உழவர்களுக்கும் புத்தகம் கொடுத்து வந்தது.